பழுத்த சரக்கா, பழைய சரக்கா? கறுப்புச் சுருட்டை மதிப்பிடும் முறை

ஓசூர் வட்டாரத்தில் கடை நடத்தும் நமது உறுப்பினர்களிடம் சில ஆண்டுகளாக ஒரு புதிய சரக்கைப் பற்றிய விசாரணை அதிகமாகி வருகிறது. தொழிற்சாலைகளுக்கு வரும் வெளிநாட்டுப் பொறியாளர்களும், பெங்களூரிலிருந்து வந்துபோகும் அதிகாரிகளும் 'மதூரோ' என்னும் கறுப்புச் சுருட்டு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதிலும் சிலர், 'இரண்டு மூன்று வருடம் வைத்திருந்த பழைய பெட்டி இருந்தால் கொடுங்கள்' என்கிறார்கள். பழைய சரக்கைத் தள்ளிவிட வழி தேடும் வியாபாரத்தில், பழையதையே தேடி வரும் வாடிக்கையாளர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த ஆசையில் நமது உறுப்பினர் ஒருவர் சென்ற ஆண்டு கையைச் சுட்டுக்கொண்டார். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர், 'மூன்று வருடம் பழுக்க வைத்த மதூரோ' என்று சொல்லி, பெட்டி 12,000 ரூபாய் வீதம் பத்துப் பெட்டிகளை அவரிடம் தள்ளிவிட்டார். பெட்டிக்கு இருபது சுருட்டு. முதல் இரண்டு பெட்டிகள் விற்றன. வாங்கிச் சென்ற வாடிக்கையாளர்கள் ஒரே வாரத்தில் மீதியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். எட்டுப் பெட்டி சரக்கு இன்னும் அவர் கிடங்கில் கிடக்கிறது. பணம் முடங்கியதைவிட, பல வருட வாடிக்கையாளர் ஒருவர் பிறகு கடைப்பக்கமே வரவில்லை என்பதுதான் அவருக்கு வருத்தம்.

சரக்கு பழையதுதான், அதில் பொய்யில்லை. ஆனால் அது பழுக்கவில்லை, பழசாகியிருந்தது. இந்த வேறுபாட்டை வாங்கும்போதே கண்டுபிடிப்பது எப்படி என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மதூரோ என்றால் என்ன?

மதூரோ என்பது ஸ்பானிய மொழிச் சொல். 'பழுத்தது' என்று பொருள். சுருட்டில் மூன்று பகுதி உண்டு: உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றும் இலை. இந்த மேல் இலை கரும்பழுப்பாகவோ ஏறக்குறைய கறுப்பாகவோ இருந்தால் அது மதூரோ. அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் விளையும் அகல இலை, மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் இலை, பிரேசில் நாட்டு இலை ஆகியவை இதற்குப் பேர்பெற்றவை. தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள இலையாக இருந்தால்தான் நீண்ட பக்குவத்தைத் தாங்கும்.

அறுத்த இலையை நிழலில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பிறகு அம்பாரமாக அடுக்குகிறார்கள். அம்பாரத்தின் நடுவில் தானாகவே சூடு ஏறும். சூடு அளவுக்கு மிஞ்சும்போது பிரித்து, மேலுள்ளதைக் கீழாகப் புரட்டி மறுபடி அடுக்குகிறார்கள். அந்தச் சூட்டில் இலையிலுள்ள அம்மோனியா வெளியேறுகிறது, காரம் குறைகிறது, நிறம் கறுக்கிறது. மதூரோ இலைக்கு இந்தச் சூடும் காலமும் மற்ற இலைகளைவிட அதிகம்.

இது நமக்குப் புதிய தொழில் அல்ல. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் புகையிலையை அம்பாரம் போட்டுப் புரட்டுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டு ஆலை இருந்தது. திருச்சி உறையூரில் சுருட்டுச் சுற்றுவது குடிசைத் தொழிலாகவே இருந்தது. 'டிரிச்சினாப்பள்ளி சுருட்டு' என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போயிற்று. 1887-ல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், துப்பறியும் நிபுணர் ஹோம்ஸ் தரையில் கிடந்த கருநிறச் செதில் சாம்பலைக் கொண்டே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். சாம்பலைப் பார்த்துச் சரக்கைச் சொல்லும் அளவுக்கு அதற்குப் பெயர் இருந்திருக்கிறது.

கறுப்பு என்பதாலேயே நல்லதா?

இதை நம் மாவட்டத்துப் புளி வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். வெளியே வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் மாதாமாதம் கறுத்துக்கொண்டே போகும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும். ஆகவே கறுப்பு என்பது காலத்தையும் வைப்பு முறையையும் காட்டும் அடையாளம் மட்டுமே. அது தரச் சான்று ஆகாது.

சுருட்டிலும் அப்படியே. மேல் இலை கறுத்தது ஆலையில் நடந்த பக்குவத்தால். பெட்டியில் மூன்று வருடம் இருந்ததால் வந்த கறுப்பு அல்ல. நேற்று வந்த மதூரோவும் கறுப்புதான். ஆகவே 'எவ்வளவு கறுப்பாக இருக்கிறது பாருங்கள், நன்றாகப் பழுத்திருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அவருக்குச் சரக்கு தெரியவில்லை அல்லது நம்மை ஏய்க்கப் பார்க்கிறார் என்று கொள்ளலாம்.

சில மலிவுச் சரக்குகளில் மேல் இலைக்குச் சாயம் ஏற்றுவதும் உண்டு. ஈரமான வெள்ளைத் துணியால் இலேசாகத் துடைத்தால் சிறிது பழுப்பு ஒட்டுவது இயல்பு. மை துடைத்ததுபோல் கறுப்பாக ஒட்டினால் சாயம் என்று சந்தேகிக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி நடத்துபவர்களுக்குத் தானாகப் பழுத்ததற்கும் கல் வைத்துப் பழுக்கவைத்ததற்கும் உள்ள வேறுபாடு தெரியும். அதே கண்ணோடுதான் இதையும் பார்க்க வேண்டும்.

பெட்டியில் வைத்தால் என்ன மாறுகிறது?

சுற்றி முடித்த சுருட்டைச் சரியான ஈரத்தில் வைத்திருந்தால், மிச்சமிருக்கும் அம்மோனியா மெல்ல வெளியேறும். நாக்கைக் கடிக்கும் மிளகுக் காரம் தணியும். மூன்று இலைகளின் மணமும் ஒன்றோடொன்று கலந்து ஒன்றாகும். இதைத்தான் பழுத்தல் என்கிறார்கள். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. அளவுக்கு மேல் போனால் காரத்தோடு மணமும் போய்ச் சப்பென்று ஆகிவிடும். தூள் புகையிலையைத் தாளாக்கிச் சுற்றிய இயந்திரச் சுருட்டுகள் எத்தனை வருடம் வைத்தாலும் மேம்படுவதில்லை. அவற்றைப் புதிதாக வாங்கிப் புதிதாக விற்றுவிடுவதே நல்லது.

சரியான ஈரம் என்பது காற்றில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 முதல் 21 டிகிரி. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வருடத்தில் பல மாதங்கள் வெப்பம் ஓரளவு ஒத்துவரும். கிருஷ்ணகிரி தாழ்வான இடம். அங்கே கோடையில் மின்விசிறி மட்டும் உள்ள கடையில் இது நடக்காது. ஓசூரிலும் மாசி முதல் சித்திரை வரை காற்று உலர்ந்துவிடும், ஐப்பசி மழையில் ஈரம் ஏறிவிடும். ஆகவே திறந்த அலமாரியில் வைத்த சுருட்டு ஒரே வருடத்தில் காய்ந்தும் ஊறியும் கெடும்.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

நட்டப்பட்ட உறுப்பினரின் சரக்கை வைத்தே ஒரு சோதனை செய்து பார்த்தோம். சங்க அலுவலகத்தில் செய்யவில்லை. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. அலுவலகமும் அதில் அடக்கம். உறுப்பினர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் மாலை வேளையில் கூடினோம். சில்லறைக் கடைக்காரர் ஒருவர், புகையிலை வியாபாரத்தில் முடி நரைத்தவர் ஒருவர், சுருட்டுப் பழக்கமுள்ள தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர் இருந்தனர்.

ஒரே ஆலை, ஒரே அளவு மதூரோ மூன்று எடுத்துக்கொண்டோம். முதலாவது, அண்மையில் வந்த புதுச் சரக்கு. இரண்டாவது, பொறியாளர் தம் வீட்டில் மூடி இறுகிய பெட்டியில் ஈரப்பதப் பொட்டலத்தோடு மூன்று வருடம் வைத்திருந்தது. மூன்றாவது, நமது உறுப்பினர் வாங்கிய 'பழுத்த' சரக்கு. அது தகரக் கூரைக்கடியில் பரணில் கிடந்தது என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

கண்: புதியதும் இரண்டாவதும் பளபளப்பான எண்ணெய்ப் பசையோடு இருந்தன. மூன்றாவது அதே கறுப்புதான், ஆனால் சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருந்தது. மேல் இலையின் ஓரம் ஒரு இடத்தில் பிரிந்திருந்தது.

கை: இரு விரலால் மெல்ல அழுத்தியதும் முதல் இரண்டும் அமுங்கி மீண்டும் எழும்பின. மூன்றாவது காதருகே வைத்து அழுத்தியபோது அப்பளம்போல் நொறுநொறுத்தது.

மூக்கு: பற்றவைக்கும் முனையை முகர்ந்தால் புதியதில் காரமும் இலேசான அம்மோனியா நெடியும் இருந்தன. இரண்டாவதில் கருப்பட்டியும் உலர்ந்த திராட்சையும் வறுத்த காப்பிக்கொட்டையும் கலந்த மணம். மூன்றாவதில் பழைய கணக்குப் புத்தகத்தின் காகித வாசனை. வேறொன்றும் இல்லை.

பற்றவைத்த பின்: புதியது முதல் பாதியில் தொண்டையைப் பிடித்தது, பிறகு சரியானது. இரண்டாவது தொடக்கம் முதல் நிதானமாக எரிந்தது. சாம்பல் விரற்கடை நீளம் உதிராமல் நின்றது. இனிப்பு மணம் கடைசி வரை இருந்தது, காரம் முன்னே வரவில்லை. ஆனால் புதியதில் இருந்த வீரியம் இதில் சற்றுக் குறைவுதான் என்று பொறியாளர் சொன்னார். மூன்றாவது விறுவிறுவென்று சூடாக எரிந்து, பாதியிலேயே கசந்தது. மேல் இலை வெடித்தது. அவர் அதை அணைத்துவிட்டார்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வயது ஒன்றே. வேறுபாடு வைத்த இடத்தில் மட்டுமே இருந்தது. இன்னொன்றையும் கவனித்தோம். புகைக்காமலே, கண், கை, மூக்கு மூன்றாலும் முடிவு தெரிந்துவிட்டது. ஆகவே புகைப்பழக்கம் இல்லாத கடைக்காரரும் இந்தச் சரக்கை மதிப்பிட முடியும். மதிப்பிடுவதற்காக யாரும் பழகிக்கொள்ள வேண்டியதில்லை. சுருட்டுப் புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய் அபாயம் உண்டு என்பது மருத்துவர்கள் உறுதியாகச் சொல்வது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. பெட்டியில் அச்சிட்ட மாதம், ஆண்டைப் பாருங்கள். 'மூன்று வருடம்' என்ற பேச்சைவிட அந்த அச்சே சாட்சி.

2. எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். ஈரப்பதமானி வைத்திருப்பவர் தயங்காமல் எண்ணைச் சொல்வார். பதில் சொல்லத் தயங்கினால் சரக்கை விட்டுவிடுங்கள்.

3. குண்டூசி முனை அளவு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மஞ்சள், மிளகாய் மூட்டைகளைத் துளைக்கும் அதே சிறு பழுப்பு வண்டுதான் புகையிலையையும் துளைக்கிறது. மளிகைச் சரக்கோடு சேர்த்து வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டினால் முட்டைகள் பொரிக்கத் தொடங்கும்.

4. வெள்ளைப் படிவைப் பாருங்கள். 'இது பழுத்ததன் பூ' என்று சிலர் சொல்வார்கள். பஞ்சுபோல் எழும்பியோ நீலம், பச்சை கலந்தோ இருந்தால் அது பூஞ்சணமே. பெட்டியோடு ஒதுக்கிவிடுங்கள்.

5. ஒரு பெட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடியிலுள்ள பெட்டியைத் திறந்து, கீழ் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

கடையில் வைக்கும் முறை

விலையுயர்ந்த மரப்பெட்டி அவசியமில்லை. உணவுப்பொருள் வைக்கும் தரமான பிளாஸ்டிக் பெட்டி, மூடி இறுக்கமாக இருந்தால் போதும். அதனுள் 65 அல்லது 69 சதவீத ஈரப்பதப் பொட்டலம் ஒன்றும் சிறு ஈரப்பதமானி ஒன்றும் வையுங்கள். மானி சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். கூடக் குறைய இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைத் தரையோரம், வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். ஊதுவத்தி, கற்பூரம், சோப்பு, மசாலாப் பக்கத்தில் வைக்கக் கூடாது. புகையிலை அடுத்த பொருளின் வாசனையை உடனே இழுத்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம், காய்ந்துவிடும். வண்டுச் சந்தேகம் இருந்தால் மட்டும், பையில் இறுக மூடி மூன்று நாள் உறைநிலையில் வைத்து, பிறகு ஒரு நாள் சாதாரணக் குளிரில் வைத்து, அதன் பின் வெளியே எடுக்கலாம். சட்டென்று வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும்.

காய்ந்துபோன சுருட்டை மீட்க முடியுமா என்று நமது உறுப்பினர் கேட்டார். பல வாரங்கள் மெல்ல ஈரமேற்றினால் நொறுங்குவது நிற்கும். போன எண்ணெயும் மணமும் திரும்பி வராது. அந்தச் சரக்கைப் 'பழுத்தது' என்று விற்கக் கூடாது என்பதே நாங்கள் அவருக்குச் சொன்ன யோசனை. கொள்முதல் ரசீதோடு மொத்த வியாபாரியிடம் திருப்பிப் பேசும்படியும் சொல்லியிருக்கிறோம்.

கணக்கும் சட்டமும்

நாமே வாங்கிப் பழுக்க வைத்து அதிக விலைக்கு விற்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டி 12,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி வைத்தால், கூட்டு வட்டி இல்லாமலே மூன்று வருடத்தில் 4,320 ரூபாய். ஆனால் பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கச் சட்டம் இடம் தராது. 'பழுக்க வைத்த கூலி' என்று தனியாகச் சேர்க்கவும் முடியாது. ஆகவே கடைக்காரருக்குப் பழுக்க வைத்தல் லாபத் தொழில் அல்ல. சரியாக வைப்பது நட்டத்தைத் தவிர்க்கவும், வாங்கியவர் மறுபடி வரவும் செய்கிற வேலை.

மற்றவற்றையும் நினைவில் வையுங்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. 'பழுத்த சுருட்டு கிடைக்கும்' என்று புகழ்ந்து பலகை வைப்பதும், சுவைத்துப் பார்க்க இலவசமாகக் கொடுப்பதும் தடை செய்யப்பட்ட விளம்பரத்தில் சேரும். 2016 முதல் பெட்டியின் இருபுறமும் 85 சதவீத இடத்தில் படத்துடன் எச்சரிக்கை இருக்க வேண்டும்; வெளிநாட்டுச் சரக்குக்கும் இது பொருந்தும். எச்சரிக்கையோ அச்சிட்ட விலையோ ரசீதோ இல்லாமல் வரும் பெட்டி எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் கிளைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள், 2025-ல் நடைமுறைக்கு வந்த கர்நாடகத் திருத்தச் சட்டத்தில் இந்த வயது 21 என்பதைக் கவனிக்க வேண்டும்.

முடிவாக ஒன்று. நம்மிடம் பழைய சரக்கு கேட்டு வருபவரிடம், 'இது இத்தனை வருடமாக இருக்கிறது, இந்த மாதிரி வைத்திருந்தேன், நீங்களே எடுத்து முகர்ந்து பாருங்கள்' என்று சொல்லக்கூடிய கடைக்காரருக்கு வேறு விளம்பரம் தேவையில்லை. அப்படிச் சொல்ல முடியாத சரக்கானால், அதை வாங்காமல் இருப்பதே முதல் லாபம்.